கிணற்றடி சீன்

பழைய நாடகத் தகரக் கொட்டகைக்கு மறுபடியும் விளக்கேற்றப் போகிறோம் என்று சித்தூர்ப் பெரிய மனிதர்கள் கூடிக் கமிட்டி போட்டார்கள். தலைவர், உபதலைவர், காரியதரிசி எல்லாரும் அமைந்து எல்லாருக்கும் மாலையும் போட்டாகிவிட்டது. அப்புறம் வேலை என்று ஆரம்பித்தபோது அது எறும்போடுதான் ஆரம்பித்தது.

கொட்டகை வெல்ல மண்டியாகிப் பதினைந்து வருஷம் இருக்கும். சிட்டிபாபுவின் மண்டி. நீவா ஆற்றோரத்துக் கரும்பெல்லாம் வெல்லமாகி இங்கே வந்துதான் அடுக்கில் ஏறும். ஐப்பசி மழைக்குத் தகரம் ஒழுகும், வெல்லம் இளகும், இளகினது சாக்கைத் தாண்டிப் பாயைத் தாண்டிப் பலகை இடுக்கில் இறங்கி உறைந்துவிடும். இப்போது சிட்டிபாபு பெங்களூர் ரோட்டோரம் பெரிய மண்டி கட்டிக்கொண்டு, பழைய இடத்தைக் கலைக்காக விட்டுக்கொடுத்திருந்தார். வாசலில் அவர் பெயரைச் சலவைக்கல்லில் பதிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பேரும் புகழும் வாசலோடு நின்றுகொண்டன. உள்ளே ஊறிக்கிடந்த வெல்லத்தைச் சுரண்டச் சந்தப்பேட்டைப் பெண்களைக் கூப்பிட்டார்கள்.

கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரைப் பலகையில் ஊற்றிக் கொஞ்சம் ஊறவிட வேண்டும். ஆறுவதற்குள் இரும்புச் சுரண்டியால் வழித்தெடுக்க வேண்டும். ஆறிவிட்டால் சுரண்டியே பலகையோடு ஒட்டிக்கொள்ளும். கறுப்பாகப் பிசின் கிளம்பும், கூடவே கட்டெறும்பு, ஈ, தேனீ எல்லாம் கிளம்பும். வெந்நீர் ஆவியில் புளித்த கரும்புச்சாற்று நாற்றம் குமட்டிக்கொண்டு வரும். சந்திரம்மாவுக்கு மேடைப் பக்கம் விழுந்தது. யாரும் யோசித்துக் கொடுத்ததில்லை. ஆனால் சுரண்டியோடு அந்தப் பலகைமேல் குந்தியதும் அவள் பலகையை ஒருதரம் தடவிப் பார்த்தாள். இதே பலகையில்தான் அவள் ரத்தினகிரி ராணியாக நின்று பாடியிருக்கிறாள்.

நாகையா என்ற மரக்கடைக்காரர் தன் ஆசைக்குக் கட்டிய கொட்டகை அது. காஞ்சிபுரத்திலிருந்தும் நடிகர் வருவார்கள், பல்லாரிப் பக்கத்திலிருந்தும் வருவார்கள். பெஞ்சில் உட்காரும் சித்தூர்க்காரனுக்கோ இரண்டு பாஷையும் தாய்ப்பால். அதனால் நாகையா ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். அவரவர் தொண்டைக்கு எது வருமோ அதில் பாடட்டும். 'ரத்தினகிரி ராஜன்' நாடகத்தில் ராணி தெலுங்கில் கேட்பாள், ராஜா தமிழில் பதில் சொல்வான். அதில் யாருக்கும் ஒன்றும் விசித்திரமாகப் படவில்லை.

ராணி வேஷம் பலமனேரிலிருந்து வந்த சந்திரம்மாவுக்கு. ராஜா வேஷம் நகரி நாகபூஷணத்துக்கு. அவன் நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை, தறிக்குழியிலிருந்து எழுந்து ஓடிவந்தவன். ஒருவர் பாட்டை இன்னொருவர் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அவள் முடிக்கிற சுருதியில் அவன் ஆரம்பிக்க வேண்டும், நடுவில் மூச்சு விடக்கூட இடம் இருக்கக்கூடாது என்று நாடக வாத்தியார் பிரம்பை வைத்துக்கொண்டு பழக்கினார். பழக்கம் மேடையோடு நிற்கவில்லை, காணிப்பாக்கம் கோயிலில் தாலி கட்டியாயிற்று. கட்டின பிறகும் அவள் அடுப்படியில் சும்மா ஒரு அடியை முனகினால் போதும், அவன் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாலும் கொல்லையில் இருந்தாலும் பதில் அடி வந்துவிடும். அக்கம்பக்கத்துப் பெண்கள் இதைச் சொல்லியே அவளைக் கிண்டல் பண்ணுவார்கள்.

அப்புறம் பேசும்படம் வந்தது, யுத்தம் வந்தது, நாகையா செத்தார், கம்பெனி கலைந்தது. மற்றவர்கள் ஊருக்குப் போனார்கள். இவர்கள் இருவரும் கொட்டகை இங்கேதானே இருக்கிறது என்று தங்கிவிட்டார்கள். கொட்டகை மண்டியானதும் நாகபூஷணம் அங்கேயே மூட்டை தூக்கப் போனான். கிரீடம் வைத்த தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு, ராஜாவாக நின்ற இடத்தில் வெல்லம் அடுக்கினான். பிள்ளைகுட்டி இல்லை. சந்திரம்மா கிடைத்த வேலைக்குப் போனாள்.

வேலை நடந்துகொண்டிருந்தபோது கமிட்டிக் காரியதரிசி வக்கீல் கோவர்த்தனன் மேற்பார்வைக்கு வந்தார். வெள்ளை வேஷ்டி பிசினில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையோரம் நின்றவர், யாரோ சொன்னதைக் கேட்டு அவளிடம் வந்தார்.

"நீதானாம்மா அந்த சந்திரம்மா?"

"அந்தன்னா எந்த, சாமி?"

"ரத்தினகிரி ராணி. எங்க நைனாகூட வந்து பாத்திருக்கேன், சின்னப் புள்ளையில. கெணத்தடி சீன்ல நீ பாடறப்போ எங்க நைனா துண்டால மொகத்த மூடிக்குவாரு."

"அப்ப பாடிக்கினு இருந்தேன். இப்ப சொரண்டிக்கினு இருக்கேன்."

"ஒரு அடி பாடு பாக்கலாம்."

சுரண்டியைக் கீழே வைக்காமலே பாடினாள். கையில் பிசினும் காலில் எறும்புமாக ஒரே ஒரு அடி. தகரத்துக்குக் கீழே அந்தக் குரல் போய் மோதித் திரும்பியதும் சுரண்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டார்கள். வக்கீல் தூக்கிப் பிடித்திருந்த வேஷ்டியை விட்டுவிட்டார்.

"அதே நாடகத்தத்தான் தெறப்பு விழாவுக்குப் போடறோம். நீதான் ராணி."

"எங்க ஊட்டுக்காரருதான் சாமி ராஜா. வெளிய வண்டிக்கு மூட்ட ஏத்திக்கினு இருக்காரு. கூப்புடட்டா?"

"இருக்கட்டும், இருக்கட்டும். அவருக்கு ஒரு வேஷம் இல்லாம போயிடுமா?"

அந்தச் சொல்லை அவள் அப்படியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். களியும் புளிச்சக்கீரைக் கடைசலும் பண்ணியிருந்தாள். நாகபூஷணம் களியை உருட்டிக் குழி செய்தவன் வாயில் போட மறந்துவிட்டான்.

"நெஜமாவா சொன்னாரு?"

"பொய்யா சொல்லுவாரு? துன்னுய்யா மொதல்ல."

"தொண்ட இருக்குதா எனக்கு? வெல்லத் தூசி துன்னு துன்னு போயிக்கீதே."

"மொளகு போட்டு பால் காச்சித் தரேன். காலைல ஆத்துக்குப் போய் கத்து. இவ்ளோ நாளு மூட்டய தூக்கினு கத்தினியே, அந்தக் கத்தலு எங்க போயிடும்?"

விடிந்தும் விடியாமலும் அவன் நீவா ஆற்று மணலில் நின்று சாதகம் பண்ணினான். மீசையை வளர்த்தான். மூட்டை தூக்கிக் கூனிய முதுகை நிமிர்த்தி நடக்கப் பழகினான். சந்தப்பேட்டையில் வாரம் முழுக்க இதே பேச்சு. சந்திரம்மாவுக்கு அவனைப் பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

அப்புறம் கமிட்டி கூடியது. அது எல்லைத் தகராறு கொதித்துக்கொண்டிருந்த காலம். ஆந்திர ராஜ்யம் பிறந்து சித்தூர் இந்தப் பக்கம் வந்தாயிற்று. திருத்தணி யாருக்கு, சத்தியவேடு யாருக்கு, நகரி யாருக்கு என்று டீக்கடை டீக்கடையாகச் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் அம்மாவோடு தெலுங்கும் பெண்டாட்டியோடு தமிழும் பேசுகிறவனெல்லாம் தெருவுக்கு வந்தால் ஒரு பாஷைக்காரன் ஆகிவிட்டான். திறப்பு விழாவுக்கு மந்திரி வருகிறார், ஆகவே நாடகம் முழுக்கத் தெலுங்கில்தான் என்று கமிட்டி தீர்மானம் போட்டது. தீர்மானத்தை வக்கீல் சந்திரம்மாவுக்குத் தமிழில்தான் விளக்கிச் சொன்னார்.

"உங்க ஊட்டுக்காரரு தெலுங்குல பாடட்டும்மா. நான் வேணாம்னா சொல்றேன்? மண்டியில பேசறாரே."

அதுவும் நியாயம்தானே என்று அவளே அவனுக்கு வாத்தியார் ஆனாள். ஆற்று மணலில் எதிரெதிரே உட்கார்ந்து அடியடியாகச் சொல்லிக்கொடுத்தாள். அவன் தெலுங்கில் சண்டை போடுவான், தெலுங்கில் கணக்குச் சொல்வான், கனவுகூடத் தெலுங்கில் கண்டிருப்பான். ஆனால் ராஜாவாக வாயைத் திறந்தால் மண்டி வந்து நின்றது. கிணற்றடி சீனில் கண்ணிழந்த ராஜா ராணியிடம் பிச்சை கேட்கிறானா, கரும்புக்காரனிடம் பேரம் பேசுகிறானா என்று தெரியவில்லை. முதல் நாள் இருவரும் மணலில் புரண்டு சிரித்தார்கள். மறுநாளும் சிரித்தார்கள். அதற்கடுத்த நாள் அவள் சிரித்தபோது அவன் சிரிக்கவில்லை.

"இன்னாமே சிரிப்பு? எனக்கு ராஜாவா பேசக் கத்துக் குடுத்த வாத்தியாரு தமிழ்ல கத்துக் குடுத்தாரு. மூட்ட தூக்கக் கத்துக் குடுத்தவன் தெலுங்குல கத்துக் குடுத்தான். நான் இன்னா பண்றது?"

கமிட்டிக்கு முன்னால் பாடிக்காட்டச் சொன்னார்கள். காலேஜ் லெக்சரர் ஒருவர் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. வேறு வழியில்லாமல் ராஜா வேஷத்தை வக்கீலே போட்டுக்கொள்வது என்று முடிவாயிற்று. வேறு வழியில்லாமல் வருகிற ராஜ்யத்தை யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஆனால் சும்மா சொல்லக்கூடாது, வக்கீலுக்கு நல்ல குரல்.

சேதி தெரிந்ததும் பழனி வந்தான். சர்ச் தெருவில் தையல் கடை வைத்திருப்பவன், எல்லைக் கிளர்ச்சியில் ஜெயிலுக்குப் போய்வந்தவன், தமிழர் சபைக்கு அவன்தான் எல்லாம். வாசலில் நின்றபடியே ஆரம்பித்தான்.

"அண்ணே, பாத்தீங்களா அநியாயத்த? அண்ணி மட்டும் வேணுமாம், நீங்க வேணாமாம். இது தமிழனுக்கு நடந்த அவமானம்ணே."

"எனக்கு நடந்தது. அத எதுக்கு நீ தூக்கி உந்தலயில வெச்சிக்கிற?"

"நாங்க மறியல் பண்றோம். நீங்க முன்னால நிக்கணும்."

"எம்பொண்டாட்டி பாடற எடத்துல நான் மறியல் பண்றதா? போப்பா, போய் காஜா எடு."

பழனி போய்விட்டான். அடுப்புப் புகை அடங்கியிருந்தது, நாகபூஷணம் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சந்திரம்மா குழம்பை ஊற்றிவிட்டுச் சொன்னாள்.

"நான் போவல. அவுங்களே ஆடிக்கட்டும்."

"போவாம?"

"சொரண்டறதுக்கு எங்கயாவது வெல்லம் இருக்காதா? பழகிப்போச்சி."

"உனுக்குப் போவணும்னு இருக்குதில்ல?"

அவளுக்குப் போக வேண்டும் என்று இருந்தது. இத்தனை வருஷம் வெந்நீரும் சாணியும் அள்ளின கையை மறுபடி ஒருதரம் விளக்கு வெளிச்சத்தில் நீட்ட வேண்டும் என்று அவளுக்கு வெறியே இருந்தது. அவனோடு நீட்ட வேண்டும் என்றுதான் நினைத்தாள். அவன் இல்லாவிட்டாலும் நீட்ட வேண்டும் என்பதும் அந்த ஆசைக்குள் இருந்தது என்று இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

"போ," என்றான் அவன். "ஒண்ணு மட்டும் கேளு அந்த வக்கீல. கெணத்தடி சீன்ல வாசல்ல ஒரு காவக்காரன் நிப்பான் இல்ல, பேசாம? அந்த ஈட்டிய எனக்குக் குடுக்கச் சொல்லு. வாயத் தொறக்காம நிக்கறேன். அந்தப் பலகமேல நிக்கணும், அவ்ளோதான்."

அவள் போய்க் கேட்டாள். வக்கீலுக்கு மனசு இளகிவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. "பேஷா நிக்கட்டும்மா" என்று சொல்லி, காவல்காரனுக்கு ஒரு நல்ல தலைப்பாகையாகக் கொடுக்கும்படி உத்தரவும் போட்டார்.

சித்திரை மாசத்தில் திறப்பு விழா. மந்திரி அன்றைக்கே திருமலை ஏறியாக வேண்டும் என்பதால் வெயில் தாழ்வதற்கு முன்பே நாடகத்தை ஆரம்பித்துவிட்டார்கள். தகரம் மேலிருந்து காய்ந்தது. வாசலில் சலவைக்கல், முன்வரிசையில் மந்திரி, கலெக்டர், சிட்டிபாபு. பின்னால் பெஞ்சில் ஊரே இருந்தது. பழைய ஆட்டக்காரி சந்திரம்மா மறுபடி ஏறுகிறாள் என்று குடியாத்தம் பக்கத்திலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். கடைசி வரிசையில் பழனி தன் ஆட்களோடு கைகட்டி உட்கார்ந்திருந்தான். மறியலுக்குப் போலீஸ் விடவில்லை, டிக்கெட் வாங்கினால் யாரும் தடுக்க முடியாதே.

கிணற்றடி சீன் வந்தது. எதிரி ராஜாவின் அரண்மனைக் கிணறு. அங்கே வேலைக்காரியாகத் தண்ணீர் சேந்துகிறாள் ராணி. கண்ணைப் பறிகொடுத்த ராஜா தட்டுத்தடுமாறி அங்கே வருகிறான். ஒருவரை ஒருவர் தெரியாது. அவள் கேட்கக் கேட்க, அவன் சொல்லச் சொல்ல, அடியடியாகத் தெரிய வேண்டும். அந்த நாடகத்தின் உயிரே அங்கேதான் இருந்தது. வக்கீல் கண்ணை மூடிக் கோலை ஊன்றி முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் மேடையின் அரண்மனை வாசலில் ஈட்டியோடு நாகபூஷணம்.

சந்திரம்மா கயிற்றை விட்டுவிட்டுப் பாடினாள்.

"ஏ ஊரய்யா நீதி? எவரய்யா நீவாரு?"

எந்த ஊர் உனக்கு, யார் உன் மனிதர்கள்? கேள்வி தகரத்தில் போய்த் தொட்டு இறங்கியது. ஆர்மோனியம் ஒரு சுற்று வாசித்த பிறகு ராஜா எடுக்க வேண்டும் என்று லெக்சரர் புதுசாகத் திருத்தியிருந்தார். அந்தக் காலத்தில் அப்படி இடைவெளி கிடையாது. அவள் முடித்தாள். வக்கீல் ஆர்மோனியத்துக்காகக் காத்திருந்தார். அந்த இடைவெளிக்குள் வாசலிலிருந்து பதில் வந்துவிட்டது.

"ஊருமில்லை, உறவுமில்லை, உன் நிழலில் நிற்க வந்தேன்..."

தமிழில் வந்தது. முழுத் தொண்டையில், வெல்லத் தூசியெல்லாம் எங்கே போயிற்றோ, அந்த நாளைய குரலில் வந்தது.

சந்திரம்மா அப்படியே நின்றிருக்கலாம். வக்கீல் பக்கம் திரும்பி அடியை மறுபடி எடுத்துக் கொடுத்திருந்தால் எல்லாமே ஒரு தடுமாற்றமாகப் போயிருக்கும், நாலு பேர் சிரித்திருப்பார்கள். அவள் உடம்பு யோசிக்கவில்லை. வாசல் பக்கம் திரும்பி, ஈட்டி பிடித்தவனைப் பார்த்து அடுத்த கேள்வியைப் பாடினாள். அவன் பதில் சொன்னான். அவள் கேட்டாள். அவன் சொன்னான். நடுவில் கண்ணை மூடிய வக்கீல் கோலோடு நின்றார். அவருக்குத் திறப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. பெஞ்சில் இருந்த கிழங்கள் வாய்விட்டு அழுதார்கள், தெலுங்குக் கிழமும் அழுதது, தமிழ்க் கிழமும் அழுதது. சந்திரம்மாவுக்கு மந்திரி ஞாபகம் இல்லை, கமிட்டி ஞாபகம் இல்லை. தன் ஆயுசில் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

கடைசி வரிசையில் பழனி எழுந்தான். "தமிழ் வாழ்க!" என்றான். "சித்தூர் தமிழனுக்கே!" என்று கூட இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். நடு பெஞ்சிலிருந்து எதிர்க்கோஷம் கிளம்பியது. பாட்டு எங்கே நின்றது என்று தெரியவில்லை. சோடா புட்டி பறந்தது, பெஞ்சு உடைந்தது, மந்திரியை மேடைக்குப் பின்வழியாகக் கூட்டிக்கொண்டு ஓடினார்கள். ஒரு கூட்டம் மேடை ஏறி நாகபூஷணத்தைத் தோளில் தூக்கிக்கொண்டது. "இறக்குங்கடா, இறக்குங்கடா" என்று அவன் கத்தியது யார் காதிலும் விழவில்லை. தோளிலிருந்து போலீஸ்தான் இறக்கியது, இறக்கி அப்படியே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனது.

மறுநாள் வக்கீல் நெற்றியில் கட்டோடு சந்திரம்மாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டாரு? நான் எவ்ளோ நம்பினேன்?"

"அவுரு ஒண்ணும் பண்ணல சாமி. நான் கேட்டேன், அவுரு பதில் சொன்னாரு. அவ்ளோதான்."

"நாடகத்துக்கு அது சரி. கலெக்டருக்கு என்ன சொல்றது? மந்திரி முன்னால கலவரம். உள்ள வெச்சா ரெண்டு வருஷம் சும்மா போயிடும். கொட்டகை லைசென்சும் போயிடும், மறுபடி வெல்லம் வந்து எறங்கும். நான் ஒரு வழி சொல்றேன், கேக்கறியா? அவரு குடிச்சிருந்தாருன்னு சொல்லிடு."

"குடிச்சிருந்தாரா? அவுரு பொகயில கூட போடறதில்ல சாமி."

"தெரியும்மா. இங்க மதுவிலக்கு. குடிச்சிட்டு உளறினான்னா சின்னக் கேஸ், அபராதத்தோட போயிடும். கலவரம்னா பெரிய கேஸ். அடுத்த ஞாயித்துக்கெழம நாடகத்துக்கு முன்னாடி நீ படுதாக்கு வெளிய வந்து ரெண்டு வார்த்த சொல்லு. ஊரும் அடங்கிடும், கலெக்டரும் அடங்கிடுவாரு. அவருக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்."

கேஸைப் பற்றி அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, தூக்கில் களியும் கருவாட்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கே அவளுக்கு முன்னால் பழனி ஒரு தமிழ் வக்கீலோடு வந்து ஜாமீனுக்கு எல்லாம் முடித்திருந்தான். நாகபூஷணம் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் மாலை கிடந்தது.

"அண்ணி, நல்ல வேள வந்தீங்க," என்றான் பழனி. "அண்ணன திருத்தணி கூட்டத்துக்குக் கூட்டினு போறோம். வேணும்னுதான் தமிழ்ல பாடினேன், ஒரு உணர்ச்சியில பாடினேன்னு ஒரு வார்த்த மேடையில சொன்னா போதும். ஜனம் தீயா எழும்பிடும்."

சந்திரம்மா அவனைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்துக் கேட்டாள்.

"வேணும்னாய்யா பாடின?"

அவன் மாலையிலிருந்து ஒரு பூவைக் கிள்ளினான்.

"சொல்லுய்யா. நான் சுருதிய உட்டேன், நீ புடிச்ச. அதான நடந்தது?"

"அப்ப ஈட்டி புடிச்ச முட்டாப்பய மறந்துபோய் ஒளறிட்டான்னு சொல்லணுமா நானு?" அவன் நிமிர்ந்தான். ஆற்று மணலில் பழகின அதே நிமிர்வு. "வேணும்னுதான் பாடினேன். ஆமா, தமிழுக்குத்தான் பாடினேன்."

அந்த நாலு அடி தன்னைப் பார்த்துப் பாடியது என்று நினைத்திருந்தாள். அவன் தமிழுக்குப் பாடினானாம். இருபது வருஷம் அவள் குரலுக்குப் பதில் சொன்ன தொண்டையை இந்தத் தையற்காரன் ஒரு மாலைக்கு வாங்கிக்கொண்டு போகிறான். புருஷன் மேல் வந்த கோபத்தைவிட, அவனுக்கு அந்த மாலை எவ்வளவு தேவைப்பட்டிருக்கிறது என்று தெரிந்ததுதான் அதிகம் வலித்தது. ஈட்டியைக் கேட்டு வாங்கிக் கொடுத்தவள் அவள்தானே. தூக்கைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை படுதாவுக்கு வெளியே வந்து நின்றாள். ராணி வேஷத்திலேயே நின்று, முதலில் தெலுங்கிலும் பிறகு தமிழிலும் சொன்னாள். என் புருஷன் அன்றைக்குக் குடித்திருந்தான், சபை மன்னிக்க வேண்டும். அவனைக் காப்பாற்றத்தான் சொன்னாள். பழிக்குப் பழியாகவும் சொன்னாள். இரண்டும் ஒரே வாயில் வந்தன. கொட்டகை சிரித்தது. பெண்கள் பக்கத்தில் யாரோ "அய்யோ பாவம், இந்த ஆளுகூட குடும்பம் நடத்தினு கீறாளே" என்றார்கள். அதே நேரத்தில் திருத்தணியில் நாகபூஷணம் மேடையேறிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தான் என்று பின்னால் கேள்விப்பட்டாள்.

அவன் உடனே திரும்பி வரவில்லை. ஊர் ஊராகக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், சாப்பாடு போட்டார்கள், துண்டு போர்த்தினார்கள். 'எல்லைக் குயில்' என்று பட்டம்கூடக் கொடுத்தார்கள். அப்புறம் டெல்லியில் கோடு போட்டு முடித்தார்கள். திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது, நகரியும் சித்தூரும் இருந்த இடத்திலேயே இருந்தன. கூட்டம் நின்றது. பழனி தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டான். கேஸ், வக்கீல் சொன்னபடியே குடித்த கேஸாகச் சுருங்கி அபராதத்தோடு தீர்ந்தது. குயிலுக்கு யாரும் வேலை வைத்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தவனை அவள் ஒன்றும் கேட்கவில்லை. வெந்நீர் வைத்துக் கொடுத்தாள், சோறு போட்டாள். இப்போது வீட்டில் களியோடு சோறும் இருந்தது. கொட்டகை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் படுத்துத் தூங்கிவிட்டு அவன் சிட்டிபாபுவின் புது மண்டிக்கு வேலை கேட்டுப் போனான். உச்சிவெயிலில் திரும்பி வந்தான். வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நடையில் குந்தினான்.

"இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள்.

"குடிகாரனுக்கு வேல இல்லன்னுட்டாரு."

அவள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"இத்தினி வருசம் அவுரு மூட்டய நான் தூக்கினேன். எம்மேல என்னிக்காவது நாத்தம் கண்டீங்களா சாமின்னு கேட்டேன். உம்பொண்டாட்டியே மேடையேறி சொன்னாளேடா, அவளுக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்ன்றாரு. சுத்தி நின்ன பசங்கல்லாம் சிரிக்கறாங்க."

"உன்ன ஜெயில்ல போடக்கூடாதுன்னு சொன்னேன்யா."

"அதுக்கு மட்டுந்தான் சொன்னியா?"

அவள் முறத்தை மறுபடி கையில் எடுத்தாள்.

"செரி, அத உடு. ஒண்ணு கேக்கறேன், நெஜத்த சொல்லு." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "நான்தான் பாடித் தொலச்சேன். நீ எதுக்கு என்பக்கம் திரும்பி அடுத்த அடிய பாடின? அந்த வக்கீல் பக்கம் திரும்பியிருந்தா ஒண்ணுமே ஆயிருக்காது இல்ல?"

நெஜம் அவள் நாக்கு நுனியில் இருந்தது. உன் குரல் கேட்டுதுய்யா, எனக்கு வேற எதுவும் வேணும்னு தோணல என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஸ்டேஷன் வராந்தாவில் அவன் சொன்னதும் கூடவே ஞாபகம் வந்தது. தமிழுக்குப் பாடினவனிடம் இதை ஏன் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அந்தச் சந்தோஷத்தை அவனுக்குக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"பதட்டத்துல திரும்பிட்டேன்," என்றாள். "தப்பா பாடிட்டேன்யா."

அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

"நானும் தப்பாத்தான் பாடினேன்," என்றான். "வேணும்னு பாடல."

இந்த ஒரு வார்த்தைக்காக அவள் எத்தனையோ நாள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இப்போது வந்துவிட்டது, அவள் சொன்ன பொய்க்குப் பதில் அடியாக. அவள் எழுந்து போய்த் தட்டு வைத்து, அவனுக்குச் சோறு போட்டு மூடிவைத்துவிட்டு, நேரமாயிற்று என்று கொட்டகைக்குக் கிளம்பினாள்.